மூச்சுக்குப் போட்ட குளிசை

நேற்றுப் பூசை முடிந்து வெளியே வந்ததும், உன் தங்கச்சியின் மகள் மாதா கோயில் வாசலில் சனத்துக்கு நடுவில் நின்றபடி, கைப்பைக்குள்ளிருந்து நீல நிற இன்ஹேலரை எடுத்து வாயில் வைத்து இழுத்தாள். ஒளிப்பு மறைப்பு ஒன்றுமில்லை. பிரான்சில் பிறந்த பிள்ளை. அவளுக்கு அது மூக்குத் துடைப்பதுபோல ஒரு சின்ன வேலை. நீ உன் அம்மாவைத்தான் பார்த்திருக்க வேண்டும். சேலைத் தலைப்பை விரித்து அவளை மறைக்கப் பார்த்தார். பிள்ளை நல்ல உயரம். தலைப்பு அவளுடைய தோளுக்கு மேல் எட்டவில்லை.

எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு அந்தப் ‘புஸ்’ என்ற சத்தம் மனதுக்குள் நின்றுவிட்டது. எத்தனை தரம் உன் வீட்டுக்கு வந்து போயிருப்பேன், ஒருநாளும் அங்கே அந்தச் சத்தம் கேட்டதில்லை.

பின்னேரம் அவள் என்னிடம் வந்தாள். விடுமுறைக்கு வந்த இடத்தில் சைக்கிள் ஓட்டத்தைப் பற்றிக் கதைக்க வேறு ஆளில்லை என்று, வந்த நாளிலிருந்து என்னைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறாள். அவர்களுடைய ஊருக்குள்ளால் பிரான்சைச் சுற்றிவருகிற அந்தப் பெரிய ஓட்டம் போகுமாம். நாங்கள் தேருக்கு இடம் பிடிப்பதுபோல, சனம் விடியவே கதிரையும் சாப்பாடுமாக வீதியோரம் போய் இருக்குமாம். ஓடுகிறவர்கள் கண்மூடித் திறக்கமுன் கடந்து போய்விடுவார்களாம். நான் சும்மா விடுவேனா? தோண்டத் தொடங்கிவிட்டேன். வருடக்கணக்காக வென்றுகொண்டிருந்த ஒருவர் ஊக்கமருந்து எடுத்தது பிறகு வெளியே வந்து, வென்றதெல்லாவற்றையும் பறித்தார்களாம். பறித்து யாருக்குக் கொடுத்தார்கள் என்று கேட்டேன். ஒருவருக்கும் கொடுக்கவில்லை என்றாள். பின்னால் வந்தவர்களிலும் பலர் அதே பழக்கம் உள்ளவர்கள் என்பதால், அந்த வருடங்களுக்கு வென்றவர் என்று எவருமே இல்லையாம். எனக்கு அது பெரிய புதினமாக இருந்தது. எங்களுடைய கதையில் அப்படி விடவில்லையே. உன்னிடம் பறித்ததை இரண்டாவதாக வந்த என்னுடைய கழுத்தில் அல்லவா கொண்டுவந்து போட்டார்கள்.

அதற்குள் அவள் தன்னுடைய தொலைபேசியை என் முன்னால் நீட்டினாள்.

“பெரியம்மாவின்ரை பேரை அடிச்சுப் பாத்தனான் அன்ரி. இது ஒண்டுதான் வருது.”

பழைய செய்தி ஒன்று. உன் பெயர், ஊக்கமருந்து, தடை. அவ்வளவுதான். நீ ஓடிய ஓட்டத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை. பெரியம்மா உண்மையாக மருந்தடித்தவரா என்று கேட்டாள். அம்மம்மாவிடம் கேட்டால், பெரியம்மா ஹார்ட் அற்றாக்கில் போனவர், செத்தவர்களைக் கிளறக்கூடாது என்கிறாராம். நாளைக்குச் சொல்கிறேன் என்று தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்து அனுப்பிவிட்டேன். நீ இருந்திருந்தால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருப்பாய். கேள்வி கேட்கிறதற்கென்றே பிறந்தவள் ஒரு கேள்விக்கு முன்னால் வாயடைத்துப் போனதைப் பார்த்து.

எதையும் துருவித் துருவிக் கேட்பதால் ‘விடுப்பு ராணி’ என்று எனக்குப் பெயர் வைத்தவள் நீதானே. உன்னுடைய விஷயம் எனக்குத் தெரியவந்ததும் அந்த விடுப்பால்தான். பள்ளிக்கூடம் போகிற வழியில், காற்று எதிர்த்து அடிக்கிற நாட்களில், நீ சைக்கிளை நிறுத்திக் குனிந்து செயின் கழன்றுவிட்டது என்பாய். ஒருநாள் நானும் இறங்கி வந்து பார்த்தேன். செயின் இருந்த இடத்திலேயே இருந்தது. நீதான் ஹாண்டிலைப் பிடித்தபடி, நெஞ்சுக்குள் பூனைக்குட்டி கத்துகிற மாதிரிச் சத்தத்தோடு நின்றாய். இழுப்பு. யாருக்கும் சொல்லக்கூடாது, அம்மா கொன்றுபோடுவா என்றாய்.

உன் அம்மா கொல்லமாட்டார்தான், ஆனால் அவருடைய கணக்கு எனக்குத் தெரியும். எங்களுடைய பக்கத்தில் கலியாணம் பேசுகிறவர்கள் முதலில் பெண்ணின் வீட்டுக்கு வருவதில்லை. பக்கத்து வீட்டுக்கு வருவார்கள். இழுப்பு இருக்கோ, வலிப்பு இருக்கோ என்று மெல்லக் கேட்பார்கள். ஒருத்திக்கு இருந்தால் போதும், அந்த வீட்டுப் பெண்பிள்ளைகள் எல்லோருக்கும் இருக்கிறது என்று முடிவு. அதனால் உன் அம்மா உன்னைக் கிட்ட உள்ள ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகாமல், பஸ் ஏறி வல்வெட்டித்துறைப் பக்கம் ஒரு டொக்டரிடம் கூட்டிப்போவார். கேட்டால் நேர்த்தி என்பார். கத்தோலிக்கருக்கு வல்வெட்டித்துறையில் என்ன நேர்த்தி என்று நான் கேட்டதற்கு, ‘வாயை மூடடி’ என்றாய்.

டொக்டர் வாயில் வைத்து இழுக்கிற பம்ப் தரப் பார்த்தாராம். உன் அம்மா வேண்டாமென்று சொல்லிக் குளிசை வாங்கினார். பம்ப் என்றால் கண்ணில் படும், சத்தம் கேட்கும். குளிசையை அடுப்படிக்குள் நின்று விழுங்கிவிட்டு வரலாம். யார் கேட்டாலும் மருந்து ஒன்றும் எடுப்பதில்லை என்று சொல்ல வேண்டும். சின்ன வயதிலேயே உனக்கு அதைச் செபம்போலப் பாடமாக்கிவிட்டார்.

இழுப்புள்ளவள் எதற்குச் சைக்கிள் ஓட்டத்துக்கு வந்தாய் என்பது அந்தக் காலத்தில் எனக்குப் பெரிய மர்மம். கரம்போர்ட் விளையாடியிருக்கலாம். திருநாள் விளையாட்டுப் போட்டியில் நாங்கள் இருவரும் முதல் இரண்டு இடங்களைப் பங்குபோடத் தொடங்கினோம், பிறகு ஊர் விளையாட்டுக் கழகம் எங்களை மாவட்டத்துக்கு அனுப்பியது, பிறகு கொழும்பிலிருந்தும் கண்டியிலிருந்தும் பெண்கள் வந்து ஓடிய அந்தப் பெரிய ஓட்டம் எங்களுடைய வீதிகளிலேயே நடந்தது. ஞாபகம் இருக்கிறதா, சோளகக் காற்று பேய்த்தனமாக அடித்த நாள். போகும்போது முதுகில் காற்று. வல்லைவெளியில் பறந்தோம். வல்வெட்டித்துறைக் கடற்கரையால் திரும்பித் தொண்டைமானாற்றுப் பாலத்தில் ஏறியதும் காற்று முகத்தில் அறைந்தது. மற்றவர்கள் ஒருவருக்குப் பின்னால் ஒருவராக ஒளிந்துகொண்டார்கள். நானும் ஒளிந்தேன், உனக்குப் பின்னால். நீ மட்டும் காற்றை முழுவதுமாக நெஞ்சில் வாங்கிக்கொண்டு போனாய். அச்சுவேலியில் நான் எழும்பி உழக்கிப் பார்த்தேன். உன் பின்சில்லைக்கூடத் தொட முடியவில்லை.

முடிவுக் கோட்டைத் தாண்டி விழுந்து கிடந்த எங்களை ஒரு கூடாரத்துக்குக் கூட்டிப்போனார்கள். சிறுநீர்ச் சோதனை என்றார்கள். அங்கே இருந்த பெண் அதிகாரி சிங்களத்தில் கேட்க, இன்னொருவர் தமிழில் சொன்னார்: ஏதாவது மருந்து பாவிக்கிறீர்களா? நீ யோசிக்கவேயில்லை. “இல்லை” என்றாய். நான் பக்கத்துக் கதிரையில் இருந்தேன். அது உன் வாயால் வந்த உன் அம்மாவின் குரல்.

பிறகு நடந்ததுதான் ஊருக்கே தெரியுமே. முடிவு வந்தது, பதக்கம் போனது, தடை விழுந்தது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? சந்தியில் பொடியள் உன்னை ‘ஊசி’ என்று கூப்பிட்டார்கள். இன்னொரு பக்கம், கழகத்துப் பொடியள் இரண்டு பேர் மதிலால் எட்டிப் பார்த்து, அந்த மருந்து எந்தப் பார்மசியில் கிடைக்கும் அக்கா என்று உன்னையே கேட்டார்கள். அதற்கு நீ, முதலில் சைக்கிளுக்குக் காற்றடிக்கப் பழகுங்கோடா என்று கலைத்தாய். அந்தளவு அவமானத்துக்குள்ளும் உனக்கு வாய் குறையவில்லை.

விசாரணைக்கு வந்து காரணம் சொல்லலாம், டொக்டரின் மருந்துத் துண்டைக் கொண்டுவாருங்கள் என்று அறிவித்தல் வந்தபோது நான் துள்ளிக் குதித்தேன். இனி எல்லாம் சரி என்று உன் வீட்டுக்கு ஓடி வந்தேன். உன் அம்மா விறாந்தையில் என்னை மறித்தார்.

“மருந்தடிச்சவள் எண்டால் சனம் நாலு நாளையிலை மறந்துபோகும். இழுப்பு எண்டால் இவளின்ரை தங்கச்சியையும் ஆரும் எடுக்காயினம்.”

நீ உள்ளே இருந்து கேட்டுக்கொண்டிருந்தாய். விசாரணைக்குப் போகவில்லை. எனக்கு உன்மேல் வந்த கோபம் கொஞ்சமில்லை. எனக்குப் பதக்கத்தைத் தந்த நாளில், வாழ்த்துச் சொல்ல வந்த உன்னைத் தொண்டைமானாற்றுப் பாலம்வரை சைக்கிளில் இழுத்துக்கொண்டு போய், மூச்சுவிடப் போட்டாயா அல்லது வெல்லப் போட்டாயா என்று நேராகக் கேட்டேன். அது தெரியாமல் அந்தப் பதக்கத்தை வைத்திருக்க எனக்குப் பிடிக்கவில்லை. நீ பாலத்துக் கம்பியில் சாய்ந்துகொண்டு மீன்பிடிகாரரைப் பார்த்தபடி சொன்னாய்.

“மூச்சு விடத்தான் போட்டனான். மூச்சு வந்தாப்பிறகு வெல்லாமல் என்ன செய்யிறது?”

தடை முடிந்தும் நீ ஓட வரவில்லை. நண்டு பதப்படுத்துகிற கம்பனிக்கு வேலைக்குப் போனாய். தங்கச்சிக்குப் பிரான்ஸ் மாப்பிள்ளை சரிவந்தது. கலியாணத்தன்று எல்லோரையும்விடக் கூடச் சிரித்தவள் நீதான். பிறகு ஒரு மாரிகாலத்தில், விடியற்புறம், இழுப்பு முற்றி வீட்டுக் கதவடியில் நீ போய்விட்டாய். கம்பனியில் ஒருத்திக்கும் தெரியக்கூடாது என்று பம்ப் வாங்காமலே இருந்தாயாம். செத்தவீட்டில் உன் அம்மா வந்தவர்களுக்கெல்லாம் ஹார்ட் அற்றாக் என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் அன்று உன்னைப் பார்த்து அழுததைவிட, அந்தச் சொல்லைக் கேட்டு அழுததுதான் அதிகம்.

இவ்வளவு காலமும் எனக்குத் தெரியாத ஒன்றை நேற்றுத்தான் பிரான்சிலிருந்து வந்த உன் பெறாமகள் சொன்னாள். தேத்தண்ணீர் குடித்துக்கொண்டே, இந்தப் பம்போடு ஓட்டங்களுக்குப் போகிறவர்களைப் பிடிக்கமாட்டார்களா என்று அவளிடம் கேட்டேன். அவள் சிரித்தாள். பெரிய ஓட்டக்காரர் பலருக்கும் இழுப்பு உண்டாம். இந்த மருந்தை அளவோடு இழுத்தால் குற்றமில்லையாம். குளிசையாக விழுங்கினால்தான் குற்றமாம். “அதே மருந்தோ?” என்று கேட்டேன். ஓம், அதே மருந்துதான் என்றாள். நான் நம்பாமல் இன்று காலை ஆஸ்பத்திரிப் பார்மசியில் எனக்குத் தெரிந்த பிள்ளையிடமும் கேட்டேன். அவளும் அப்படித்தான் சொன்னாள்.

எடி, கேட்டாயா? எல்லோரும் பார்க்க வாயில் வைத்து இழுத்திருந்தால் உன்னை ஒருவரும் தொட்டிருக்கமாட்டார்கள். ஒளித்து விழுங்கியதால் பிடித்தார்கள். உனக்கு இதை உடனே சொல்லவேண்டும் என்று எனக்கு நாக்குத் துடித்தது. சொல்ல நீ இல்லை. பார்மசி வாசலில் நின்று ஆரையென்று இல்லாமல் எல்லோரையும் திட்டினேன்.

அங்கிருந்து நேரே உன் அம்மாவிடம் போனேன். குசினி வாசலில் இருந்து இறால் உரித்துக்கொண்டிருந்தார். பேத்திக்கும் அதே வருத்தம், நீ எதனால் போனாய் என்பது அவளுக்கும் அவளுடைய டொக்டருக்கும் தெரியாமல் இருக்கக்கூடாது என்றேன். பம்பைப் பற்றியும் சொன்னேன். முதலில் எரிந்து விழுந்தார். “இப்ப நான்தான் பிள்ளையைக் கொன்றனான் எண்டு சொல்ல வந்தனியோ?” என்று கேட்டார். இறால் கோப்பையைத் தள்ளி வைத்தார். பிறகு பேத்தியைக் கூப்பிட்டார்.

“உன்ரை பெரியம்மாவுக்கு இழுப்பு, பிள்ளை. அதிலைதான் போனவள். அவள் களவாய் வெல்லேல்லை. நான்தான் சொல்லவிடேல்லை.”

அந்தப் பிள்ளை உன்னைப்போலக் கேட்டுக்கொண்டு இருந்துவிடவில்லை, என்னைப்போலக் கேள்வி கேட்டாள். விசாரணைக்குப் போய்ச் சொல்லியிருக்கலாமே, ஏன் சொல்லவில்லை?

உன் அம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தார். “உன்ரை கொம்மாவுக்குக் கலியாணம் பேசின நேரம்” என்றார்.

பிள்ளைக்கு அது விளங்க ஒரு கணம் எடுத்தது. விளங்கியதும் அப்படியே அம்மம்மாவுக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்துவிட்டாள். பிறகு கோப்பையை இழுத்துத் தானும் இறால் உரிக்கத் தொடங்கினாள். உரிக்கத் தெரியாது, பாதிச் சதை கோதோடு போனது. உன் அம்மா அந்தக் கோதுகளைத் திரும்ப எடுத்து மிச்சச் சதையைக் கிள்ளினார்.

வெளிக்கிடும்போது அவள் படலைவரை வந்து, அப்படியென்றால் பதக்கம் யாருடையது அன்ரி என்று கேட்டாள். சட்டப்படி என்னுடையது, ஏனென்றால் குளிசை தடைதான். நியாயப்படி உன்னுடையதாக இருக்கலாம். இருக்கலாம் என்றுதான் சொல்கிறேன். நோயுள்ளவளை அந்தக் குளிசை மற்றவர்களோடு சமமாக்குமே தவிர மேலே தூக்காது என்பார்கள் சிலர். தூக்கும் என்பார்கள் சிலர். பார்மசிப் பிள்ளையைக் கேட்டேன், அவளுக்கும் தெரியவில்லை.

அன்றைக்கு உன் நெஞ்சும் என் நெஞ்சும் ஒரேமாதிரி இருந்திருந்தால், அச்சுவேலியில் உன்னைப் பிடித்திருப்பேனா? எத்தனை விடுப்புக் கேட்டுத் திரிந்தவள் நான், இதற்கு மட்டும் யாரிடம் போய்க் கேட்பது? பம்பை இழுத்துக்கொண்டு நீ ஒருதரம் வந்திருந்தால், இரண்டு பேரும் ஓடிப் பார்த்திருக்கலாம்.