தேவாங்கா, குச்சிப்பூச்சியா?

பதிவு 112. செவ்வாய்க் கிரகம், குகை நிலையம். காலை 06:10
ஆய்வாளர் பெனிட்டா. இங்கே மனிதர் என்று நான் ஒருத்திதான்.
தேவாங்கு நலம். குச்சிப்பூச்சிகள் ஒரு கொய்யாச் செடியை மொட்டையடித்துவிட்டன. இரண்டும் மெதுவாக நகரும்; ஆபத்து வந்தால் அப்படியே உறைந்துவிடும். நீண்ட பயணத்தில் மனித உடம்பை மெதுவாக்க எது உதவும்? இரண்டிலிருந்தும் ஊசிமருந்து தயார். செம வேலை!

பதிவு 113. பகல் 14:25
ஆக்சிஜன் தரும் இயந்திரம் நின்றுவிட்டது. உதிரி இல்லை. மீட்புக் கலத்தின் ஓட்டுநர் ராயப்பன் அண்ணனை அழைத்தேன்.
“ஏ டாக்டரு, பதறாத. கெளம்பிட்டேன். ஒம்பது நாளாவும்.”
“அண்ணே, காத்து ரெண்டு நாளைக்குத்தான் இருக்கு!”
“அதான் ஊசி வச்சிருக்கல்ல? எதப் போடுவ, கொரங்கா பூச்சியா?”
“தேவாங்குன்னு சொல்லுங்கண்ணே, கோவிச்சுக்கும்.”

பதிவு 114. பகல் 15:40
தேவாங்கு மருந்து மூச்சைப் பாதியாக்கும். நான்கு நாள்தான் தாங்கும். பூச்சி மருந்து பத்தில் ஒன்றாக்கும். வேறு வழியில்லை, பூச்சிதான்.
ஒன்று உறுத்துகிறது. தேவாங்குக்கு மருந்து கொடுத்தபோதெல்லாம் கூண்டைத் தட்டிப் பார்த்தேன், பயந்து உறைந்தாலும் மறுபடி அசைகிறதா என்று. பூச்சிகளைத் தட்டவே இல்லை. மூச்சை மட்டும் அளந்தேன். பூச்சிக்கு என்ன பெரிய பயம் என்று விட்டுவிட்டேன்.
ஊசி போட்டாயிற்று. செடி அறையில் படுக்கிறேன். தேவாங்கையும் அங்கேயே திறந்துவிட்டேன். இனி என் விழியசைவை நான் மாட்டியிருக்கும் கண்ணாடி படித்து எழுதும்.

பதிவு 115. நேரம் தெரியவில்லை
குளிர். படுத்திருந்தேனே? கொய்யாச் செடிகளுக்கு நடுவே நிற்கிறேன். கிளைகளை முகத்தின் மேல் இழுத்துவிட்டிருக்கிறேன். எதற்கு?
மின்விசிறிக் காற்றில் இலைகள் ஆடுகின்றன. நானும் ஆடுகிறேன்.
தேவாங்கு என்னையே பார்க்கிறது. அது பூச்சி தின்னும் பிராணி. பார்க்காதே. பார்க்காதே.

பதிவு 116
கதவு. டார்ச் வெளிச்சம். வந்துவிட்டார்கள்! அண்ணே, இங்கே! கை வரவில்லை. வாய் வரவில்லை. ஹெட்செட்டில் ராயப்பன் அண்ணன் குரலும் அவர் உதவியாளன் குரலும் கேட்கின்றன.
“பெனிட்டா! எங்கம்மா இருக்க? ஒரு சத்தம் குடு தாயி!”
“அண்ணே, வெப்பக் கருவில சின்னதா ஒரு புள்ளிதான், ஆளு காட்டல. மத்ததெல்லாம் சில்லுனு கெடக்கு.”
“இருடா, அங்க ரெண்டு கண்ணு மின்னுது... அட, தேவாங்கு! உசுரோட இருக்குடா!”
தூக்கிக்கொண்டார்கள். வெளிச்சம் என் பக்கம் திரும்பியது. முகத்தில் பட்டது. இலைகளோடு ஆடினேன். நகர்ந்து போனது.
“வெளிய எங்கயாச்சும் போயி விழுந்திருக்கும், பாவி மக. வாடா.”
கதவு மூடிவிட்டது.
அப்பாடா.
யாரும் பார்க்கவில்லை.