நீல நூல் யாருக்கு உரியது என்று தீர்த்து விடுத்த திருமுகம்

அலை ஓய்ந்தாலும் வாணிகம் ஓயாத கருந்துறை நாட்டைக் காப்பவரும், மைந்தர் கடல் கடந்து மீளும் வரை செங்கோலைத் தனியே சுமப்பவரும், முதுமையால் குரல் தாழ்ந்தும் ஆணை தாழாதவருமாகிய பெருந்தேவி நங்கையார், தென்முகத் துறைத்தலைவர் ஏறுசாத்தனாருக்கு விடுக்கும் திருமுகம். உமது துறையில் காற்று நேர்படுக. கலங்கள் கரை காண்க. உமது மனையாரின் மூட்டுவலி தணிக. தேவியாருக்கு அது தணிந்தபாடில்லை.

சேந்தி என்னும் கயிற்றுக்காரியை நீர் அறிவீர். நங்கூர வடம் திரிக்கையில் நடுவே ஒரு நீல நூலை ஓடவிடுவது அவள் குறி. வடத்தை எங்கே வெட்டினாலும் நீலம் தெரியும். தெரிந்தால் மாலுமி வேறு கேள்வி கேட்பதில்லை. அக்குறியைத் தலைநகர்த் துறையில் பதிந்த நாளில், நம் வழக்கப்படி அவள் தன் வடத்தில் நங்கூரத்தைத் தொங்கவிட்டு அதன் கீழே அமர்ந்தாள். முத்திரை விழும் வரை எழவில்லை.

சென்ற மழைக்காலத்தில் ஒரு கலம் வடம் அறுந்து பாறையில் மோதிற்று. அறுந்த முனையில் நீலம் இருந்தது. மாலுமிகள் தத்தம் கலத்து வடங்களையெல்லாம் கொண்டுவந்து சேந்தியின் வாசலில் கொட்டிவிட்டுப் போனார்கள். அவள் அந்த அறுந்த முனையோடு அவைக்கு வந்து, இது தன் கை திரித்ததன்று, குறி திருடுபோயிற்று, மீட்டுத் தராவிட்டால் பட்டறையை மூடுவதன்றி வழியில்லை என்று முறையிட்டாள்.

அவள் கைகாட்டிய அண்ணன் மகன் தாழனை அழைத்து வினவியபோது, தானும் நீல நூல் இடுவது மெய்யே என்றான். ஒளித்துச் செய்யவில்லை, தென்முகத் துறையில் பதிந்து உமது முத்திரையும் பெற்றிருப்பதாகச் சொன்னான். கடலின் நீலத்தையே அத்தை குத்தகைக்கு எடுத்துவிட்டாளோ என்றும் கேட்டான். அவையில் சிலர் சிரித்தனர். தேவியாருக்குச் சிரிப்பு வரவில்லை. எண்ணெய்க் குடத்து மயில் குறி யாருடையது, உப்பு மூட்டை நண்டுக் குறி யாருடையது என்று கேட்டுக் கேட்டுச் சலித்த செவி அவருடையது. இங்கும் இருவரிடமும் முத்திரை, இருவருக்கும் சாட்சி, இருவருக்கும் நாக்கும் நீளம்.

ஆகவே தேவியார் வாதத்தை நிறுத்தி, சேந்தியின் வாசலில் கொட்டிய வடங்களில் ஒன்றை எடுத்து நங்கூரத்தைக் கட்டி உயர்த்தச் சொன்னார். குறி தமது என்பவர் கீழே அமர்க என்றார். மூத்தவள் இருக்கையில் தான் முந்துவது முறையன்று என்று தாழன் பணிவு காட்டினான்.

தார் பூசிய வடத்தில் திரித்த கை எது என்று தெரியாது. சேந்திக்கும் தெரியவில்லை.

“நீலம் இருக்குதில்ல? எவன் திரிச்சாலும், கேக்க வர்றவன் என் வாசலுக்குத்தானே வரான்” என்று சொல்லி, முந்தானையைச் செருகிக்கொண்டு போய் அமர்ந்தாள்.

பாரம் ஏற ஏற வடம் முனகியது. புது வடமும் முனகும். அவையில் ஒருவரும் அசையவில்லை. தாழன் மட்டும் பாய்ந்து போய் அவள் தோளைப் பற்றி இழுத்தான்.

“எந்திரி அத்தை. இது என்னுதா இருந்தா தாங்காது, உள்ள பழைய நாரு வச்சிருக்கேன்.”

இறக்கி வெட்டிப் பார்த்தார்கள். நீல நூலைச் சுற்றிலும் மக்கிய நார். இழுபட்டு விழுந்த சேந்தி மண்ணிலிருந்து எழாமலே கேட்டாள்:

“கப்பல்காரன்கிட்ட இதைச் சொல்ல வாய் வரலையாடா?”

குறி யாருடையது என்று தேவியார் அதற்குமேல் வினவவில்லை; வினவ மிச்சமும் இல்லை.

நீல நூல் இந்நாட்டுத் துறைகள் அனைத்திலும் சேந்திக்கும் அவள் வழியினருக்குமே உரியது. தாழன் பெற்ற முத்திரை செல்லாது. அவன் துறைதோறும் சென்று, தான் விற்ற வடங்களைத் தன் கையாலேயே அறுத்துப்போடுவான். உமது துறைக்கு வரும்போது நீரும் உடன் நிற்க.

இனி உமது செய்தி. பதிந்த நாளில் நங்கூரம் தொங்கியதா என்று மட்டும் தேவியார் தாழனைக் கேட்டார். வெயில் கடுமை என்று துறைத்தலைவர் உள்ளே அழைத்து, நூலை மட்டும் தட்டில் வைத்துப் பார்த்து, மோரும் கொடுத்து அனுப்பினார் என்றான். ஆதலால் இன்றுமுதல் உமது துறையில் குறி பதிபவர் எவராயினும் நங்கூரத்தின் கீழ் அமரக்கடவர். முத்திரை இடும் நீரும் அவர் அருகே அமரக்கடவீர். மோர் அங்கேயே வரும்.

இது தேவியார் ஆணை. அரக்கில் பதிந்தது அவர் கணையாழி. ஓலையைக் கட்டியிருக்கும் நீல நூல், சேந்தியிடம் கேட்டு வாங்கியது.