பிளாஸ்க் தெளிந்துவிட்டது

இன்று காலை லேப் கதவைத் திறந்ததும் நேராகப் போய் பிளாஸ்க்கைத்தான் பார்த்தேன். நேற்று சாயங்காலம் நான் மருந்து விட்டபோது மோர் மாதிரி கலங்கலாக இருந்தது, இப்போது எடுத்துக் குடிக்கலாம் போலத் தெளிந்து நின்றது. ஊரே தெளிந்த தண்ணீருக்குச் சந்தோஷப்படும். அதைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள் நீயும் நானும்தான். கலங்கல் என்றால் பாக்டீரியா உயிரோடு இருக்கிறது. தெளிந்தால், அதற்குள் பதுங்கியிருந்த வைரஸ் விழித்துக்கொண்டு எல்லாவற்றையும் உடைத்துப் போட்டுவிட்டது.

அது உங்கள் வீட்டுக் குழாய்த் தண்ணீரில் கிடைத்த பாக்டீரியா. போன வாரம் உன் தலைத்திவசத்துக்குத் திருச்சுழிப் பக்கம் உங்கள் ஊருக்கு வந்தவள், கை சும்மா இருக்காமல் ஒரு பாட்டில் பிடித்துக்கொண்டு வந்தேன். உன்னிடமிருந்து தொற்றிய கிறுக்குத்தான். பட்டுச்சேலை கட்டிக் கல்யாணத்துக்குப் போனாலும் கைப்பைக்குள் சாம்பிள் பாட்டில் வைத்திருப்பாயே! எல்லோரும் மாப்பிள்ளையைப் பார்த்தால் நீ பந்திக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டியை எட்டிப் பார்த்துக்கொண்டு நிற்பாய். தொழுவத்துச் சாக்கடையை ஒட்டி வருகிற அந்தக் குழாயைக் காட்டி உன் தங்கை சொன்னாள்: "இப்பல்லாம் பிளீச்சிங் பவுடர் போடுறாகக்கா. பாரேன், தண்ணி எம்புட்டுத் தெளிவா இருக்கு!"

நம் இரண்டு பேரின் இளமையும் இந்தப் பதுங்கலுக்குத்தானே போனது. சில வைரஸ்கள் பாக்டீரியாவை உடனே கொல்லாது. தன் ஜீன்களை அதன் ஜீன்களோடு செருகிவிட்டு வாய்மூடிக் கிடக்கும். ஒரே ஒரு புரதம் மேலே உட்கார்ந்து அவற்றைப் பேசவிடாமல் காவல் காக்கும். அந்தக் காவலை விலக்கத்தான் நாம் வெள்ளைப் பொடியாக ஒரு மருந்தை நிறுத்து, கரைத்து, பிளாஸ்க்கில் சொட்டுச் சொட்டாக விடுவோம். மருந்து பட்டதும் பாக்டீரியா தடுமாறும், வைரஸ் விழிக்கும். இந்த வகை விழிக்கும்போது, மனுஷருடைய சிறுநீரகத்தை அடிக்கிற விஷத்தையும் சேர்த்தே கொண்டுவரும்.

"சும்மா கெடக்குன்னு நம்பாதடி. சும்மா கெடக்குறதுதான் பயம்" என்பாய். எனக்கு அதை விளக்க வேண்டியதே இல்லை. அருப்புக்கோட்டையில் எங்கள் வீட்டு விசைத்தறி ஓடுகிறவரை அத்தனை பேரும் நிம்மதியாகத் தூங்குவோம். அது நின்றால்தான் எழுந்து உட்காருவோம்.

இவ்வளவும் தெரிந்த நீ ஏமாந்ததுதான் இன்னும் எனக்கு ஆறவில்லை. வயிற்றுப்போக்கோடு ஊரிலிருந்து கிளம்பியவள், அருப்புக்கோட்டையில் பஸ் மாறும்போது மெடிக்கலில் "அண்ணே, ஏதாவது மாத்திரை குடுங்க" என்று கேட்டிருக்கிறாய். அவர் அட்டையைப் பேர் தெரியாமல் கத்தரித்து, சின்னக் காகிதக் கவரில் போட்டுக் கொடுத்தார். ஊரில் எல்லோருக்கும் அப்படித்தானே கொடுக்கிறார்கள். நம் மருந்தைப் பொடியாகவே பார்த்துப் பழகிய உனக்கு அது ரோஸ் கலர் மாத்திரையாக வந்தபோது அடையாளம் தெரியவில்லை. விருதுநகர் லேப்புக்கு வந்து சேர்ந்து மறுநாளும் வேலை பார்த்தாய். அதற்கப்புறம் உனக்கு மூத்திரம் இறங்கவே இல்லை.

ஆஸ்பத்திரியில் நான் மீதி மாத்திரை எதுவென்று விசாரித்து வந்து சொன்னதும் நீ சிரித்தாய், பாவி! "அடியே, நம்ம பிளாஸ்க்குல ஊத்துறதையே நான் முழுங்கியிருக்கேன்டி." பிறகு மெதுவாகக் கேட்டாய்: "நமக்கு எத்தனை மணி நேரத்துல தெளியும்?" சாயங்காலம் மருந்து விட்டால் விடியுமுன் தெளிந்துவிடும், அது இரண்டு பேருக்குமே தெரியும். மாத்திரைதான் காரணம் என்று எந்த டாக்டரும் அடித்துச் சொல்லவில்லை. சொல்லாவிட்டால் என்ன, நீ போய்விட்டாய்.

இன்று தெளிந்த பிளாஸ்க்கிலிருந்து ஜீனை எடுத்துப் பார்த்தேன். உன் உடம்பிலிருந்து எடுத்ததும் இதுவும் ஒன்றேதான். உடனே உன் தங்கைக்குப் போன் போட்டு, குழாய்த் தண்ணீரைக் கொதிக்கவைக்காமல் தொடாதே என்றேன்.

"அய்யோ, பாப்பாவுக்கு நேத்திருந்து வயித்தால போகுதுக்கா."

"ரத்தம் போகுதா?"

"லேசா."

"மெடிக்கல் மாத்திரை எதுவும் குடுத்துறாத, கேட்டியா? உப்புச் சர்க்கரைத் தண்ணியக் குடுத்துக்கிட்டே பிள்ளையத் தூக்கிட்டு அருப்புக்கோட்டை பெரியாஸ்பத்திரிக்கு வா. நானும் அங்கதான் வாரேன்."

அவள் சொன்னாள்: "ரோஸ் மாத்திரை பாதி குடுத்துட்டேனேக்கா."

நான் ஏறிய பஸ் பாலவனத்தம் தாண்டிவிட்டது. டாக்டரிடம் காட்ட நம் ரிசல்ட்டு இருக்கிறது. நீ மிச்சம் வைத்த காகிதக் கவரும் ஒரு வருஷமாக என் பையிலேயே கிடக்கிறது. அதைவிட, நீ அன்றைக்குக் கேட்ட கேள்வியைத்தான் என்னால் இறக்கி வைக்கவே முடியவில்லை. மாத்திரையை எத்தனை மணிக்குக் கொடுத்தாள் என்று உன் தங்கையிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை.