ரோசா சொன்ன ‘ஜா வோ’

இன்று காலை கற்பூரம் எங்கே என்று அவர் பூஜையறையிலிருந்து கேட்க, எடுத்துக் கொடுத்துத் திரும்புவதற்குள் பால் பொங்கி வழிந்துவிட்டது. அந்தக் கருகல் வாசனையோடு உங்கள் சமையலறையும் வந்து நின்றது, அக்கா.

சுனாமிக்குப் பிறகு தேவனாம்பட்டினத்தை விட்டு, சிதம்பரத்தில் என் பக்கத்து வீட்டுக்கு வந்தீர்கள். மொசாம்பிக்கில் மெக்கானிக்காக இருந்த உங்கள் மகன், போர்த்துகீசியம் பேசும் ரோசாவை அங்கேயே கட்டிக்கொண்டு, ஒரு மார்கழியில் முதன்முறையாக அழைத்துவந்தான். அவளுக்கு இந்த வீடு ஒட்டவில்லையென்றால் மகனும் இனி வரமாட்டான் என்பதே உங்கள் கவலை. பேப்பர் படித்தே இங்கிலீஷ் கற்றவள் என்ற தைரியத்தில், அவள் கொண்டுவந்த சின்ன அகராதியை வைத்துக்கொண்டு நான் துபாஷி ஆனேன்.

ஒரு காலை, காப்பிக்கு அவளைக் கூப்பிட்டீர்கள். மாடியிலிருந்து “ஜா வோ” என்றாள். புரட்டிப் பார்த்தேன். ஜா என்றால் இப்போதே. வோ என்றால் போகிறேன். சொன்னதும் அப்படியே உட்கார்ந்துவிட்டீர்கள். கடைக்குப் போனாலும் ‘வரேன்’ என்று மட்டுமே சொல்லிக் கிளம்புகிற வீடு உங்களுடையது.

“கூப்புட்டா போறேங்கறாளே. எம்புள்ளையையும் கையோட இழுத்துக்கிட்டுப் போயிடுவா போலிருக்கே.”

அடுப்பில் பால் பொங்கியது. ஓடிவந்து அதை இறக்கியவள் ரோசாதான்.

மகனைக் கேட்டோம். “கூப்புட்டவங்ககிட்ட போறேன்னு அர்த்தம்மா. நம்ம ‘தோ வரேன்’தான் அது” என்றவன், என் பக்கம் திரும்பினான். “தெனம் சாயங்காலம் நீங்க ‘வரேன்’னுட்டுப் போறீங்களே சித்தி, திரும்பி வருவீங்கன்னு அவ உங்களுக்குக் காப்பி போட்டு வெச்சிக்கிட்டு உக்காந்திருக்கா.”

கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தீர்கள். அதற்குப் பிறகு நீங்கள் கூப்பிட்டால் சுவருக்கு இப்பாலிருந்து நானும் “ஜா வோ” என்பேன். ஊருக்குக் கிளம்பிய அன்று ரோசா உங்கள் காலைத் தொட்டு, “வரேன் அத்தை” என்றாள். சொன்னபடி அடுத்த மார்கழிக்கும் வந்தாள்.

துக்க வீட்டில் அந்தச் சொல்லைச் சொல்லிக்கொண்டு யாரும் கிளம்புவதில்லை. உங்கள் காரியத்தன்று நானும் சொல்லாமல்தான் வந்தேன். ரோசாவுக்கு அந்த வழக்கம் தெரியாது. காரியம் முடிந்து கிளம்பும்போது உங்கள் படத்தைத் தொட்டு, “வரேன் அத்தை” என்றாள். நின்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நான் அவளைத் திருத்தவில்லை. இந்த மார்கழிக்கும் வருகிறாள்.

கற்பூரம் கேட்டவருக்கு இன்றும் “ஜா வோ” என்றுதான் குரல் கொடுத்தேன். சாயங்காலம் கோயில் மணி கேட்டாலும் அதுதான் வாயில் வருகிறது. போகிற இடத்தில் கூப்பிட்டவர் இருக்கிறார் என்றால், போகிறேன் என்பதில் என்ன பயம், அக்கா?