கோஸ் லோரி, தக்காளி லோரி

மஞ்சள் நாற்காலியை இப்போதுதான் கழுவிக் கவிழ்த்தேன். நடுவில் ஓட்டை, அடியில் சட்டி. பிரிஞ்சாங் சந்தையில் வாங்கியது. நம் மகள் அதற்கு வைத்த பெயர் கக்கா நாற்காலி. தண்ணீர் சொட்டுகிறது.

நீங்கள் போய் நாற்பது நாளுக்கு மேல் ஆகிறது. தீபாவளியும் போய்விட்டது. இன்று நடந்ததை உங்களிடம்தான் சொல்ல வேண்டும்.

ஐந்து நாளாக யாழினி வெளிக்குப் போகவில்லை. நான் டயப்பரை நிறுத்திய நாளிலிருந்து. புத்தகத்தில் போட்டிருந்தபடிதான் எல்லாம் செய்தேன். குளியலறையில் நாற்காலி. எதிரே நான், முட்டி போட்டு, முகத்துக்கு முகம். கைதட்டல். பாட்டு. அவள் என்னையே பார்த்தாள். உதட்டைக் கடித்து அடக்கினாள். நேற்று வயிறு கல்லாக இருந்தது. தொட்டால் அலறினாள். கிளினிக் நர்ஸ் மருந்து கொடுத்தார். "நாளைக்கும் போகலன்னா ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிடுங்க."

இன்று ஆபீசுக்கு லீவு. மூன்று மணிக்கு அவளாகவே எழுந்தாள். நாற்காலியை இழுத்துக்கொண்டு பின்கதவைத் தாண்டினாள். சாக்கடை ஓரத்தில், கீழே கோலா தெர்லா சாலை தெரியும் இடத்தில் வைத்து உட்கார்ந்தாள். நான் ஓடிப்போய் எதிரே முட்டி போட்டேன்.

"திரும்பு," என்றாள்.

"என்னம்மா?"

"பாக்காத. லோரி பாரு. அப்பா மாரி."

எனக்கு ஒன்றும் ஓடவில்லை. பக்கத்து வீட்டுச் செல்வி அக்கா துணி காயப்போட்டுக்கொண்டே சிரித்தார்.

"உனக்குத் தெரியாதா? அப்பல்லாம் தெனம் மூணு மணிக்கு இங்க கச்சேரி லா. பாப்பா அந்த ஓரத்துல குந்தும். ஒன் வீட்டுக்காரரு போலீஸ்காரன் மாரி அந்தப் பக்கம் திரும்பி நிப்பாரு. கோஸ் லோரி போவுது, தக்காளி லோரி போவுதுன்னு சத்தம் வேற. முடிஞ்சிச்சுன்னு இது சொன்னாத்தான் திரும்புவாரு."

"எத்தன நாளு நடந்துச்சுக்கா?"

"ஒரு மாசம் இருக்கும். 'அவகிட்ட சொல்லிராதீங்க, தீபாவளிக்குப் பாப்பாவ டயப்பர் இல்லாம புதுச்சட்ட போட்டு அவ முன்னால நிறுத்தறேன்'னாரு..."

அக்காவின் சிரிப்பு பாதியில் நின்றது. கையில் ஈரத்துணி.

மூன்று மணி. தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து வெட்டி முடித்து, காப்பகத்திலிருந்து அவளையும் கூட்டிக்கொண்டு நீங்கள் வீடு திரும்பும் நேரம். நான் வர ஐந்தரை ஆகும். அதற்குள் அவளுக்குத் திரும்ப டயப்பர் மாட்டிவிடுவீர்கள் போல. தினமும் இரண்டரை மணி நேரம் உங்கள் இருவருக்கும் ஒரு வாழ்க்கை இருந்திருக்கிறது. எனக்குத் தெரியாமல்.

உங்கள் கடைசி நாள் காலை. அழுக்கு டயப்பர் என் கையில். "ஒரு நாளாவது இந்த வேலைய நீங்க செஞ்சிருக்கீங்களா?"

ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டே சிரித்தீர்கள். "பொறு லா. தீபாவளி வரட்டும்."

அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. வாசல் வரை வரவில்லை நான். கொழுந்து வெட்டும் மிஷினுக்குச் சாமான் வாங்கப் போனீர்கள். பத்து மணிக்கு, பனியில், ரிங்லெட் வளைவில் உங்கள் மோட்டார் சைக்கிள் சறுக்கியது.

நாற்பது நாளாக அந்தச் சிரிப்பை அலட்சியம் என்றே நினைத்திருந்தேன். செத்தவர்மேல் கோபமாகவும் இருந்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

"ம்மா. திரும்பு லா."

திரும்பினேன். சாலையைப் பனி மூடியிருந்தது. ஒரு லோரி கியர் மாற்றி ஏறும் சத்தம் மட்டும்.

"என்ன லோரி?" முதுகுக்குப் பின்னால் குரல்.

"கோஸ்."

"இல்ல. தக்காளி."

உங்களையும் இப்படித்தான் திருத்துவாளா?

பிறகு ஒரு முனகல். சிணுங்கல். நகத்தால் உள்ளங்கையை அழுத்திக்கொண்டு நின்றேன். பார்க்கவில்லை. கைதட்டவில்லை. சட்டியில் சத்தம் கேட்டது. செல்வி அக்கா "அப்பாடா" என்று உட்கார்ந்தே விட்டார்.

"முடிஞ்சிச்சு! இப்ப பாக்கலாம்."

நீங்கள் செய்தீர்கள். ஒரு நாள் இல்லை, ஒரு மாதம். என் கேள்விக்கு நீங்கள் மறைத்து வைத்த பதில் இங்கே என் பின்னால் உட்கார்ந்திருக்கிறது. கேள்வியை மட்டும் இனி நான் எங்கே கொண்டு வைப்பது?

என் முகத்தை அவள் பார்க்கக் கூடாது.

"இரும்மா," என்றேன். "இன்னும் ஒரு லோரி வருது."

எதுவும் வரவில்லை. அவள் அவசரப்படுத்தவும் இல்லை.