அண்ணாவுக்குப் படிக்காத அத்தியாயம்

20 மார்ச் 1944, திங்கள்

காலையிலேயே புழுக்கம். ரேஷன் அரிசியில் நாற்றம், மூன்று தடவை களைந்தும் போகவில்லை.

அண்ணாவின் பி.ஏ. பரீட்சைக்கு அனுமதிக் கடிதம் வந்தாயிற்று. கண் தெரியாதவன் என்பதால் அவன் சொல்லச் சொல்ல வேறொருவர் எழுதலாம். தனி அறை. அங்கே மேற்பார்க்க வருகிறவருக்குச் சம்பளம் எங்கள் தலையில். எழுதுகிறவர் மெட்ரிக்குக்கு மேல் படித்திருக்கக் கூடாது. எழுதப்போவது மெட்ரிக்கோடு நின்ற நான்.

அப்பா: "நல்லவேளை, இவளைக் காலேஜுல சேக்கலை."

நல்லவேளையாம்! மூன்று வருஷமாக இதே நல்லவேளை. காலேஜ் ஃபாரம் என் டிரங்குப் பெட்டியில், புடவைக்கு அடியில். அண்ணா பாஸானால் ஜூனில் சேர்க்கிறேன் என்றிருக்கிறார்.

23 மார்ச், வியாழன்

சரித்திரப் பேப்பர். நாலாவது கேள்வியை வாசித்தேன். அண்ணா மெதுவாக, "இது நாம படிக்கவே இல்லையேடி."

மேற்பார்வையாளர் மேஜையைத் தட்டினார். "சிர்ஃப் ஜவாப் போலோ!" விடையை மட்டும் சொல்ல வேண்டுமாம்.

எனக்கு விடை தெரியும். வரி வரியாகத் தெரியும். அப்போதுதான் உறைத்தது. அந்த அத்தியாயத்தை கிங்ஸ் சர்க்கிளில் ரேஷன் க்யூவில் நின்றபோது மனசுக்குள் படித்தேன். முடித்ததும் பழக்கதோஷத்தில் பென்சிலால் டிக். டிக் போட்டால் அண்ணாவுக்குப் படித்துக் காட்டியாயிற்று என்று கணக்கு. பாவி நான்.

அவன் சொல்லாததை எழுதக் கூடாது. பேனாவைப் பிடித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன்.

டிராமில் என் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தான்.

10 ஜூன், சனி

மழை. கொடியில் எதுவும் காயவில்லை.

ரிசல்ட். சரித்திரத்தில் போய்விட்டது. மற்றதெல்லாம் பாஸ்.

"ஒரு கேள்வியை எப்படிடா அப்படியே விட்டே?" என்று அப்பா கத்தினார். நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணா: "அவ படிச்சுச் சொன்னாப்பா. நான்தான் மறந்துட்டேன்."

அக்டோபரில் மறுபடி. எழுதுகிறவள் நானே. "இன்னும் ஒரு வருஷம்தானேம்மா" என்றார் அப்பா, என் முகத்தைப் பார்க்காமல். தலையை ஆட்டினேன். குளியலறையில் குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு அழுதேன்.

11 ஜூன், ஞாயிறு

மழை விடவில்லை. புத்தகத்தோடு அண்ணா பக்கத்தில் உட்கார்ந்து அந்த டிக்கை அழித்தேன்.

"என்னடி அழிக்கறே?"

சொல்லிவிட்டேன், க்யூ, பென்சில், எல்லாம்.

"பரீட்சை அன்னிக்கே தெரியும். கேள்வியை வாசிச்சுட்டு நீ மூச்சு விடவே இல்லையே." என் பக்கம் திரும்பி, "உன் காலேஜ் ஃபாரம் எப்போ குடுக்கணும்?"

"நேத்தோட முடிஞ்சுடுத்து."

அவன் கை புத்தகத்தைத் தேடி எடுத்து என்னிடம் நீட்டியது. வாங்கிக்கொண்டு, அந்த அத்தியாயத்தைத் தலைப்பிலிருந்து உரக்கப் படித்தேன்.