தண்டலுக்கு ஒரு ‘வாங்க’

ஏழு கடலையும் கணுக்காலளவுத் தண்ணீர் என்று ஏளனம் செய்தவனே, ராயபுரத்து நாடக உலகின் நிகரற்ற சக்கரவர்த்தியே, என் அக்காள் பெற்ற தங்கமே, தருமா!

நீ போன துக்கத்தில் கப்பல்கள் எல்லாம் துறைமுகத்துக்குள் வர மறுக்கின்றன என்று எழுத ஆசைதான். ஆனால் அவை வந்துகொண்டுதான் இருக்கின்றன. சரக்குத் தூக்க நீ ஓட்டிய வின்ச்சை இப்போது வேறொருவன் ஓட்டுகிறான். நன்றாகவே ஓட்டுகிறான், பாவி.

செய்தி கேள். நீ எழுதிய இரண்டு நாடகங்களையும் திருவொற்றியூர்த் திருவிழாவில் ஒரே மேடையில் போடுகிறோம். தளபதி வச்சிரசேனன் நானேதான். நான் வாளை உருவினால் எண்ணூர்க் கழியில் இறால்கள் மயங்கி மிதக்கும் என்பது உனக்குத் தெரியாததா?

அந்த இரண்டு நாடகத்து நாயகர்களை வைத்து நாம் எவ்வளவு சண்டை போட்டிருப்போம்! சபைக்குள் தான் நுழைந்தபோது அரசன் எழுந்திருக்கவில்லை என்று கோட்டைக் கதவை எதிரிக்குத் திறந்துவிட்டு, அதே எதிரியின் கையால் சாகிறான் என் தளபதி. உன் பொன்னுரங்கமோ தண்டல், படகுக்காரர்களுக்குத் தலைவன். புயலில் எத்தனையோ பேரைக் கரைசேர்த்தவன். துறை அதிகாரி அவனை அவன் ஆட்கள் முன்னால் ‘இங்க வாடா’ என்கிறான். தான் யாரென்று காட்ட, வீசுகிற புயலில் தனியாகப் படகை இறக்கிப் போனவன் திரும்பவே இல்லை.

“ரெண்டும் ஒரே கிறுக்குதாண்டா. ஒருத்தன் பட்டு கட்டிகினு செத்தான், ஒருத்தன் கோமணம் கட்டிகினு செத்தான்” என்பேன் நான்.

“இல்ல மாமா. தளபதிக்கு ஊரே எய்ந்து நின்னுச்சு. ஒரே ஒரு ஆளு நிக்கல, அது பொறுக்கல அவனுக்கு. தண்டலுக்கு யாரும் எய்ந்து நின்னதே இல்ல. அவன் கேட்டது இன்னா? அந்த ‘டா’வ எடுன்னான், அவ்ளோதான்.”

“நான்கூடத்தான் தெனம் உன்ன வாடாங்கறேன். நீ இன்னா கடல்லயா வுயுந்துட்ட?”

“அது வேற ‘டா’ மாமா” என்று சிரித்தாய்.

பிறகு உனக்குக் காய்ச்சல் வந்தது. அக்காள் மருந்து வாங்க அழைத்துப் போனாள். “டேய், அங்கயே நில்றா, கிட்ட வராத” என்று விரட்டினானாம் கம்பவுண்டர், பெற்றவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே. மருந்து வாங்காமலே திரும்பி வந்து படுத்துவிட்டாய், மறுபடி அங்கே போக மாட்டேன் என்று. பட்டத்து யானையைக் கொண்டுவந்து ஏற்றிப் போகிறேன் என்றேன்.

“யானை வாணாம் மாமா. அவன் ‘வாங்க’ன்னு சொல்லட்டும், நானே நடந்து வரேன்.”

போய் அந்த ஆளிடம் கேட்டேன். “ஒரே ஒரு தபா சொல்லு சாமி, உன் வாய் தேஞ்சா போயிடும்?” சிரித்தான். நான் வேறு வைத்தியரைத் தேடிப் பிடித்து வருவதற்குள் நீ யாருடைய சொல்லும் எட்டாத இடத்துக்குப் போயிருந்தாய். தளபதியா தருமா நீ, தண்டலா? இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை ஒத்திகை நடந்தது. நீ சொன்னபடியே கத்திவாக்கம் மாசிலாமணிதான் தண்டல், நாகப்பன்தான் அதிகாரி. நீ வேடம் பிரித்துக் கொடுத்தபோது அவர்கள் பக்கத்து வீட்டுக்காரர்கள். இப்போது மாசிலாமணி தன் பெண்ணை நாகப்பனுக்குக் கட்டிக் கொடுத்திருக்கிறான். நாகப்பன் மீசையை முறுக்கினான், மார்பை நிமிர்த்தினான், வாயைத் திறந்தான்.

“ஏய் தண்டல்! இங்க... வாங்க.”

“‘வாடா’ன்னு சொல்லுய்யா!” என்று கத்தினேன்.

“மாமனார எப்டி மாமு சொல்றது? வூட்ல சோறு கெடைக்காது.”

“சும்மா சொல்லு மாப்ள, நாடகந்தான!” என்றான் மாசிலாமணி. மறுபடியும் ‘வாங்க’தான் வந்தது. சாவதற்குத் தயாராகத் துடுப்போடு நின்றவன், அதைக் கீழே போட்டான். “மருவாதியா கூப்ட்டுட்டாரு. இனிமே நான் இன்னாத்துக்குப் போயி சாவணும்?”

கொட்டகையே சிரித்தது. நானும் சிரித்தேன். பிறகு திரைக்குப் பின்னால் போய் நின்றேன். ஒட்டுமீசை நனைந்து கையோடு வந்துவிட்டது. அவ்வளவு சுலபமா தருமா? ஒரு சொல் வந்திருந்தால் அவன் கடலுக்கே போயிருக்க மாட்டானா?

உன் முடிவை நான் மாற்றவில்லை. தண்டல் போவான், திரும்ப மாட்டான். அதிகாரி வேடத்தையும் நானே போட்டு அந்தக் கொடிய ‘டா’வைச் சொல்லித் தொலைக்கிறேன். ஆனால் படகு மறைந்த பிறகு நாகப்பன் கரையில் நின்று, “தண்டலே, திரும்பி வாங்க!” என்று கூவுவான். கூடவே நானும் கூவுவேன், கத்திவாக்கத்தில் காயும் வலையெல்லாம் அதிரும்படி. இது சத்தியம்.

உன்னைக் கூப்பிடும்போது மட்டும் எனக்கு அந்த மரியாதை வராது. ஒரு தபா வாடா, தருமா.

அந்த ‘வேற டா’வுக்குச் சொந்தக்காரன்,
உன் தாய்மாமன் கன்னியப்பன்